ரெக்சின் ஆற்றுக்கு அந்தப் பக்கம்

கமாண்டர் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு வண்டி மணல் வந்து இறங்கியபோது, ஏதோ சுவர் எழுப்பப் போகிறார் என்றுதான் தெரு நினைத்தது. அடுத்த வீட்டுக்காரர் வேலி ஓரமாக வந்து, "எல்லை தாண்டிக் கட்டிடாதீங்க சார்" என்று பாதிச் சிரிப்பும் பாதிச் சந்தேகமுமாகச் சொல்லிவிட்டுப் போனார். மலை, ஆறு, கோட்டை எல்லாம் சேர்த்து இந்த மனுஷர் ஒரு நாட்டையே கட்டப் போகிறார் என்பது பாவம் அவருக்கு எப்படித் தெரியும்?

கமாண்டர் என்பது தெரு வைத்த பெயர். ராணுவத்தில் அவர் கமாண்டரும் இல்லை, அதற்குப் பக்கத்தில் இருந்தவரும் இல்லை. லாரி ரிப்பேர் செய்யும் பட்டறையில் சேர்ந்து, அந்தப் பட்டறையிலேயே ஓய்வு பெற்றவர். போர் நடந்த காலத்தில் போர்முனைக்கு ரொட்டியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டியிருக்கிறார். துப்பாக்கியைத் துடைத்ததுதான் அதிகம், சுட்டதெல்லாம் பயிற்சியில்தான் என்று அவரே ஒளிக்காமல் சொல்லுவார். ஆனால் வீட்டுக்குள் அவர் போடும் உத்தரவைக் கேட்டால் உண்மையான தளபதிகளே எழுந்து நின்றுவிடுவார்கள்.

இந்த முறை வந்த உத்தரவு, குடும்பம் மொத்தமும் ஒரு வேனில் ஏறிப் போர் நினைவிடங்களையும் பழைய கோட்டைகளையும் டாங்கி மியூசியத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது.

"கடற்கரை, மலைன்னு எல்லாரும்தான் போறாங்க. முன்னாடி நின்னு அடி வாங்கினவங்க இருந்ததாலதான் நான் பின்னாடி நிம்மதியா லாரி ஓட்டினேன். அவங்க இருக்கிற இடத்துல ஒரு தடவை போய் நின்னுட்டு வரக் கூடாதா?" என்று கேட்டார்.

அவர் கேட்ட விதத்தில் கூடாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இதற்கென்றே ஏலத்தில் ஒரு கிழட்டு வேனை எடுத்து, இன்ஜினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மாட்டி, இருமலோடு ஓடும்படி செய்துவிட்டார்.

மணல் வந்தது திட்டம் போடுவதற்கு. படை கிளம்புவதற்கு முன்னால், போகப்போகும் நிலத்தை மணலில் செய்துவைத்து, சுற்றி நின்று, யார் எந்த வழியாகப் போவது என்று பேசி முடிவெடுப்பது ராணுவத்து வழக்கம். பட்டறைக்காரரை அந்த மணலுக்குப் பக்கத்தில் யார் விட்டார்கள்? எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே எட்ட நின்று பார்த்ததோடு சரி. இத்தனை வருஷ ஆசையைக் கார் ஷெட்டில் தீர்த்துக்கொண்டார். மருமகளின் மருந்துக்கடையிலிருந்து வந்த காலி டப்பாக்கள் கோட்டைகளாயின. நிமிர்த்தி நட்ட தீப்பெட்டிகள் நினைவிடங்கள். மகன் சின்ன வயதில் விளையாடிய பொம்மை டாங்கி, மியூசியம். சிவப்புக் கம்பளி நூல், நெடுஞ்சாலை.

"அது என் ஸ்வெட்டருக்கு வச்சிருந்த நூலுங்க" என்றாள் அவர் மனைவி.

"பாதி ஸ்வெட்டரோட நின்னு ரெண்டு வருஷமாச்சு. மீதி நாட்டுக்கு ஆகட்டும்" என்றார் கமாண்டர்.

ஆற்றுக்குத்தான் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போது மருமகளின் அப்பா தன் பையிலிருந்து ஒரு நீல ரெக்சின் துண்டை எடுத்து, வளைந்து நெளிந்து ஓடும்படி ஆறாகவே வெட்டிக் கொடுத்தார்.

அவர் வண்டி சீட் தைப்பவர். பஸ் டிப்போவுக்குப் பின்னால் அவர் கடை. வேன் சீட்டுகளை நான்தான் தைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று வேலையை வாங்கிக்கொண்டவர், தினமும் காலையில் ஸ்பாஞ்சும் ஊசியுமாக வந்துவிடுவார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. உட்காரப் போகிறவரை உட்காரவைத்துப் பார்க்காமல் கத்தரியை எடுக்க மாட்டார். கமாண்டரின் மனைவியை வெற்றுப் பலகையில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் சாயச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இடுப்புல வலது பக்கம் வலி இருக்கில்ல? சொல்லாம மறைக்கிறீங்க" என்றார். அந்த அம்மாள் அசந்துபோனாள். கூடவே குடும்பம் நடத்தின மனுஷருக்கு இது தெரியாமல் போயிற்றே என்று கமாண்டரை அன்று முழுவதும் வறுத்தெடுத்தாள்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மருமகளின் மனசுக்குள் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது.

சீட் தைப்பவர் அவளை வளர்த்த அப்பா. பெற்றவர் ஒரு போர்வீரர். அவள் அம்மா வயிற்றில் இருக்கும்போதே ஒரு ஆற்றங்கரைச் சண்டையில் போய்விட்டார். அலமாரிக்குள் ஒரு போட்டோவில் தொப்பியோடு இருப்பார். அவரைப் பற்றிக் கேட்டால் அம்மா முகத்தில் ஈயாடாது, அதனால் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். அவள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டவர் இந்த அப்பா. அவள் முதன்முதலில் அப்பா என்று கூப்பிட்டதும் இவரைத்தான். மிச்சம் விழுந்த ரெக்சினில் அவளுக்கு ஒரு பள்ளிக்கூடப் பை தைத்துக் கொடுத்தார். பஸ் சீட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். ஆனால் மழைக்காலத்தில் நனையாத புத்தகம் அந்த வகுப்பில் அவளிடம் மட்டும்தான் இருந்தது. மருந்துப் படிப்பு, கல்யாணம், கடை என்று அவளுடைய எந்த நல்லதை எடுத்தாலும் அடியில் இவர் போட்ட தையல் இருக்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அவர் தனியாக இருந்தார், எங்களோடு வந்துவிடுங்கள் என்று அவள் கூப்பிட்டால் கடையைக் காரணம் காட்டுவார்.

பயணம் என்று மாமனார் முதலில் பேச்செடுத்த அன்றே அவளுக்கு அந்த ஆறுதான் ஞாபகம் வந்தது. அந்த ஆற்றங்கரையில் ஒரு நினைவிடம் உண்டு. இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். பெரிய மேப்பில் பொடி எழுத்தில் அது இருந்தது. வாழ்க்கையில் ஒரு தடவை அங்கே போக வேண்டும், அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். மாமாவிடம் கேட்டால் மறுக்கவா போகிறார்?

கேட்கலாம் என்று வாயைத் திறக்கும்போதுதான் அவர், "சம்பந்தியும் நம்மகூட வர்றார். சீட் தைச்சவர் அந்த சீட்ல உட்கார்ந்து வர வேண்டாமா?" என்று அறிவித்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

அப்பா வராவிட்டால் ஒரு சங்கடமும் இல்லை. அவர் கூட வரும்போது எப்படிக் கேட்பது? அந்தக் கல்லுக்கு முன்னால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க, அவர் யாரோ மாதிரி ஓரமாகச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பதா? இத்தனை வருஷம் வளர்த்ததற்கு அதுதான் கைம்மாறா?

கணவனிடம் மட்டும் சொன்னாள்.

"நேரா கேட்டுடு. உங்கப்பா தப்பா எடுத்துக்கிற ஆளா?" என்றான் அவன்.

"தப்பா எடுத்துக்க மாட்டாருங்க. அதான் கஷ்டம். சிரிச்சுக்கிட்டே போலாமேம்மான்னுடுவார். உள்ள என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? விடுங்க. நீங்களும் யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க."

அவன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கமாண்டருக்கு மேப்பும் தெரியும், மருமகள் வந்த வழியும் தெரியும். யாரும் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் ஷெட்டுக்கு வரச் சொல்லிவிட்டார். கையில் கோல் வேண்டுமே என்று ஒரு பழைய லாரி வைப்பர் கம்பியைத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தார். மகன் கொட்டாவி விட்டான். மனைவி, மிச்ச நூலையாவது காப்பாற்றலாம் என்று உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். பேத்தி ஒரு மலையை ஏற்கெனவே மிதித்துச் சமவெளி ஆக்கியிருந்தாள். வேன் வாசலில் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பின்வரிசை சீட்டுக்கு விளிம்பு தைத்தபடி, சம்பந்தியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முதல் நாள், தூண் நினைவிடம். அங்க அணையாத தீபம் எரியும். யாரும் செல்ஃபி எடுக்கக் கூடாது. ரெண்டாவது, பீரங்கிக் கோட்டை. படி ஏற முடியாதவங்க கீழ நிழல்ல இருக்கலாம்."

"முடியாதவங்கன்னு என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றாள் மனைவி.

"பொதுவாச் சொன்னேன். அடுத்தது டாங்கி மியூசியம். இங்க எனக்கு அரை நாள் வேணும், தயவு செஞ்சு யாரும் அவசரப்படுத்தாதீங்க."

வைப்பர் கம்பி சிவப்பு நூலைத் தொட்டுத் தொட்டு நகர்ந்து, நீல ரெக்சின் ஆற்றின் பக்கம் வந்து நின்றது. நேற்றுவரை அங்கே இல்லாத ஒரு தீப்பெட்டி ஆற்றின் இந்தக் கரையில் நின்றிருந்தது. கமாண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இது நான் கடைசியாச் சேர்த்தது. நம்ம மருமகளுக்காக. அவங்க அப்பா பேரு இங்கதான் இருக்கு."

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் 'அவங்க அப்பா' என்ற வார்த்தை ஷெட்டுக்குள் விழுந்தபோது அவளால் வேன் பக்கம் திரும்பாமல் இருக்க முடியவில்லை. தையல் ஊசி பாதி வழியில் நின்றிருந்தது.

"வேண்டாம் மாமா!" அவள் குரல் அவளே எதிர்பார்க்காத அளவுக்கு உயர்ந்துவிட்டது. "அது ரொம்பச் சுத்து. ரோடு வேற சரியில்லையாம். குழந்தைக்கு வாந்தி வரும். அங்க பார்க்கிறதுக்கும் ஒண்ணும் இருக்காது மாமா, வெறும் கல்லு."

வெறும் கல்லு என்று சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. கமாண்டர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார். சந்தோஷப்படுவாள் என்றல்லவா நினைத்தார்! கணவன் மணலைப் பார்த்தான்.

அப்பா வேனிலிருந்து இறங்கினார். ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு நிதானமாக நடந்துவந்து மணலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தானே வெட்டிக் கொடுத்த ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. இந்தத் தீப்பெட்டி இங்க வராது."

"நீங்களுமா? உங்களுக்குப் பிடிக்கலைன்னா..."

"அய்யய்யோ, அது இல்ல. இடம் தப்பு." தீப்பெட்டியைப் பிடுங்கி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், மணலைக் குவித்துச் சின்ன மேடாக்கி அதன்மேல் நட்டார். "அந்தக் கரையில இருக்கு. ஒரு தடவை வெள்ளம் வந்து இந்தக் கரையை அரிச்சிடுச்சு. கல்லைப் பேர்த்து எடுத்துட்டுப் போய் எதிர்க்கரையில மேட்டுல வச்சுட்டாங்க. பழைய இடத்துல இப்ப மொட்டை மேடைதான் நிக்குது. மேப்பை நம்பி இந்தப் பக்கம் போனா, திரும்பி வந்து பாலம் ஏறிப் போகணும். பாலத்துக்கு முன்னாடி டீக்கடை ஒண்ணு இருக்கு. அங்கேயே குழந்தைக்கு முகம் கழுவி விட்டுடலாம். ரோடும் இப்ப நல்லாத்தான் இருக்கு."

மாமியார் மடியிலிருந்து உருண்ட நூலுருண்டையை எடுக்கக்கூட ஆளில்லை.

"உங்களுக்கு எப்படி சம்பந்தி தெரியும்?" என்றார் கமாண்டர்.

"போயிருக்கேன்."

"எப்போ?"

அப்பா மகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி மணலுக்குத் திரும்பினார். "வருஷா வருஷம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, வெயில் காலம் முடிந்ததும், "ரெக்சின் வாங்கப் போறேன், நாளைக்கு வந்துடுவேன்" என்று கிளம்புவார். ரெக்சின் கடை இதே ஊர்க் கடைத்தெருவில்தான் இருந்தது. நடந்து போனால் ஒரு டீ ஆறுவதற்குள் திரும்பிவிடலாம். எத்தனையோ தடவை அவளே போய் வாங்கி வந்திருக்கிறாள். அப்படியிருந்தும் இது ஒரு நாளும் அவளுக்கு உறைக்கவில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வளர்ந்த பெண்.

அந்தப் பயணங்களிலிருந்து ரெக்சின் வந்ததாக ஞாபகம் இல்லை. கல் வரும். வழவழவென்று உருண்டையாக, கைக்கு அடக்கமாக ஒரே ஒரு கல். வெட்டு மேசையில் ரெக்சின் சுருளாமல் இருக்க மேலே வைப்பதற்கு என்பார். அந்தக் கற்களை எடுத்துத்தான் அவள் கடைத் தரையில் உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடுவாள். எங்கே கிடைத்தது என்று கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். அவள்தான் கேட்டதில்லையே.

"அந்தக் கல்லெல்லாம்..." என்றாள்.

"அந்த ஆத்துக் கல்லுதான்." அவர் தோள்பையைத் துழாவி ஒன்றை எடுத்தார். வேலை செய்யுமிடமெல்லாம் கூடவே கொண்டுவருவது. "உனக்குன்னு அங்கேயிருந்து ஏதாவது கொண்டுவரணும்னு இருக்கும். வேற என்னம்மா கொண்டுவர முடியும்?"

அவள் அவருக்குப் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்ப்பா போனீங்க?"

"உங்கம்மாவைக் கட்டின புதுசுல உன்னையும் தூக்கிக்கிட்டு மூணு பேருமா ஒரு தடவை போனோம். அவ அன்னிக்கு அங்க அழுதா பாரு, அதோட இனிமே வரவே மாட்டேன்னுட்டா. எனக்குத்தான் மனசு கேக்கல. ஒரு மனுஷன் இவ்வளவு பெரிய சொத்தை விட்டுட்டுப் போயிருக்கார். நான் பாட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டாமா? பொண்ணு எப்படி இருக்கான்னு அவருக்கும் தெரியணுமில்ல? அதான், வருஷத்துக்கு ஒரு தடவை போய்ச் சொல்லிட்டு வருவேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"நடக்க ஆரம்பிச்சுட்டா, கொலுசை எல்லாம் கழட்டிப் போட்டுடறான்னேன். ஸ்கூல் சேர்ந்துட்டா, கணக்குதான் கொஞ்சம் இடிக்குதுன்னேன். பாஸானப்பவும் சொன்னேன். உனக்கு மாப்பிள்ளை பார்த்தப்போ, பையன் நல்லவன், கொஞ்சம் சோம்பேறின்னு சொன்னேன்."

"மாமா!" என்றான் கணவன்.

"அப்ப தெரியாது, இப்ப மாத்திச் சொல்லிட்டேன் மாப்பிள்ளை. பேத்தி பிறந்த வருஷம் கொஞ்ச நேரம் அதிகமாவே நின்னேன். மூக்கு உங்க மூக்கேதாங்கன்னு சொன்னேன். போட்டோவுல பார்த்திருக்கேனே."

மாமியார் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கமாண்டர் மியூசியத்து டாங்கியைத் தேவையில்லாமல் நேராக்கி வைத்தார்.

"என்கிட்ட மட்டும் ஏன்ப்பா சொல்லல?"

"உங்கம்மா வேண்டாம்னா. அவ போனப்புறம் சொல்லியிருக்கலாம். எனக்குப் பயமா இருந்துச்சும்மா." அவர் கல்லைக் கைக்குள் உருட்டினார். "அங்க வந்து நின்னு அந்தப் பேரைப் பார்த்துட்டா, இவர்தான் அப்பான்னு தோணும். தோண வேண்டியதுதான், அவர்தானே. அப்ப நான் யாருன்னு உனக்குக் கேள்வி வந்துடுமோன்னு..."

அவள் அழுதாள், நடுவிலேயே சிரித்தும் விட்டாள். "நானும் அதுக்குத்தான்ப்பா வேண்டாம்னேன். நீங்க அங்க யாரோ மாதிரி நிக்கிறதை என்னால பார்க்க முடியாதுன்னு."

"நான் அங்க யாரோவா? டீக்கடைக்காரரைக் கேட்டுப் பாரு. சீட்டுக்காரர் வந்துட்டார், வருஷம் முடிஞ்சுதுன்னுவார்."

கமாண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். உத்தரவு போட வாயைத் திறந்து மூடினார். பிறகு வைப்பர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துச் சம்பந்தியிடம் நீட்டினார்.

"நான் மேப்பைப் பார்த்து வழி போட்டவன். அங்க போய் நின்னவர் நீங்க. ஆத்தங்கரைக்கு நீங்க சொல்ற வழிதான். டாங்கி மியூசியம் அப்புறம் பார்த்துக்கலாம், அது எங்கயும் ஓடிப்போகாது."

"அரை நாள் வேணும்னீங்களே" என்றாள் மனைவி.

"கால் நாள் போதும்."

அப்பா கம்பியை வாங்கக் கூச்சப்பட்டு, எதிர்க்கரை மேட்டிலிருந்த தீப்பெட்டியை எடுத்துவிட்டு அங்கே கையிலிருந்த கல்லை வைத்தார். தீப்பெட்டியைப் பேத்தி எடுத்துக்கொண்டு ஓடினாள். கமாண்டர் புது நூல் கேட்டார், மனைவி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கீழே உருண்டு கிடந்த நூலை எடுத்துக் கொடுத்தாள். பாலம் வழியாகச் சிவப்புச் சாலை கல்வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

எல்லோரும் சாப்பிட உள்ளே போன பிறகும் அப்பா வேனுக்குத்தான் திரும்பினார். டிரைவருக்குப் பக்கத்து சீட் இன்னும் வெற்றுப் பலகையாக இருந்தது.

"வா, இதுல உட்காரு. அளவு பார்க்கணும்" என்றார் மகளிடம்.

"அது எனக்கில்ல. வழி சொல்றவங்க முன்னாடிதான் உட்காரணும். நீங்க உட்காருங்க, நான் பார்க்கிறேன்."

எத்தனையோ பேரை உட்காரவைத்துப் பார்த்த மனுஷர் தயங்கித் தயங்கித்தான் உட்கார்ந்தார். அவள் எதிரே நின்று பார்த்தாள். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. மிஷினில் குனிந்து குனிந்து இறங்கிய தோள். அந்தப் பக்கம் ஒரு ஸ்பாஞ்ச் கூட வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இந்த வருஷம் அவர்கிட்ட என்னப்பா சொல்லப் போறீங்க?"

"இந்த வருஷம் நான் எதுக்கு? நீயே வர்றியே. நீயே சொல்லிக்கோ."

"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுதான் இருக்கு."

"என்ன?"

"உங்களைப் பத்தித்தான்ப்பா."

அவர் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுக்கப் போய், அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சட்டையெல்லாம் தடவிக்கொண்டிருந்தார். அவள்தான் எடுத்துக் கையில் கொடுத்தாள்.